விடியற்காலையில் மேலே வரும் மீன்கள்... பசியா, மூச்சுத் திணறலா?

போன வருஷம் ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை 5.50-க்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவர், மன்னார்குடிப் பக்கம் கிராமத்தில் விவசாயம் பார்க்கும் என் சித்தப்பா. வீட்டுக்குப் பின்னால் அவர் வெட்டிய அரை ஏக்கர் குளம் அது. இன்னும் முழுசாக விடியவில்லை. மங்கலான வெளிச்சத்தில், தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு வாய். நூற்றுக்கணக்கான மீன்கள் தலையை மேலே நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பின்னணியில் சித்தப்பாவின் குரல். "பாருங்க... நம்ம புள்ளைங்க எந்திரிச்ச உடனே சாப்பாடு கேக்குது!"

குழுவில் பாதிப் பேர் இதயம் போட்டோம். நானும் போட்டேன். பெங்களூரில் இருக்கும் அத்தை மகள், 'சோ க்யூட் மாமா!' என்று எழுதினாள். சித்தப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் பிசைந்து, வழக்கத்தைவிட ஒரு கூடை அதிகமாகவே போட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு போட்டோ மட்டும் வந்தது. குரல் இல்லை, எழுத்தும் இல்லை. குளம் முழுக்க வெள்ளை வயிறு.

மாசியில் 1,500 குஞ்சுகள் விட்டிருந்தார். ஒவ்வொன்றும் அரைக் கிலோவைத் தாண்டியிருந்தது. பொங்கலுக்கு முன்னால் பிடித்து விற்றால் சித்தியின் செயினை அடகுக் கடையிலிருந்து மீட்டுவிடலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கெல்லாம் அன்றைக்கு மத்தியானம், கரையோரம் வெட்டிய குழியில் சுண்ணாம்பைக் கொட்டி மூடப்பட்டது.

யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்றுதான் ஊரில் பேச்சு கிளம்பியது. வாய்க்கால் தகராறில் முறைத்துக்கொண்டிருந்த பக்கத்து வயல்காரர் மீது சந்தேகம்கூட வந்தது. நல்லவேளை, அது போலீஸ் ஸ்டேஷன் வரை போவதற்குள் மீன்வளத்துறையிலிருந்து ஓர் அலுவலர் வந்து சேர்ந்தார். கரையில் குந்தி, சட்டைக் கையை மடக்கிவிட்டு, கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போவதற்குள் உள்ளங்கை பச்சையில் மறைந்துபோனது.

"சாணி போடுறீங்களா?"

"வாராவாரம் போடுறேன் சார். தண்ணி நல்லா பச்சப்பசேல்னு இருக்கும்."

"செத்ததுல பெரிய மீன் அதிகமா, சின்னது அதிகமா?"

"பெருசுதான் மொதல்ல போச்சு. பொடிசு கொஞ்சம் இன்னும் உசுரோட இருக்கு."

"ரெண்டு மூணு நாளா வெயில் இருந்துச்சா?"

"எங்க சார்... வெள்ளிக்கிழமைல இருந்து மூடாக்குதான். நேத்து ராத்திரி வேற கொட்டு கொட்டுன்னு கொட்டிடுச்சு."

சித்தப்பா போனில் இருந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவையும் காட்டினார். அலுவலர் அதை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாராம். "இது பசி இல்லீங்க. மூச்சுக்குத் தவிச்சிருக்கு."

ஒரு லிட்டரில் எவ்வளவு மூச்சு?

மீனுக்கு மூச்சுத் திணறுமா என்று நகரத்துப் பிள்ளைகள் கேட்கலாம். தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே வாழ்கிற ஜீவனுக்கு என்ன குறை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில், அதாவது 30 டிகிரி செல்சியஸில், ஒரு லிட்டர் தண்ணீரில் இயல்பாகக் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜன் வெறும் 7.5 மில்லிகிராம்தான். நமக்கு அண்டா நிறையக் கிடைப்பது மீனுக்குக் கரண்டி அளவில் கிடைக்கிறது. அதிலும் தண்ணீர் சூடாகச் சூடாக இந்த அளவு குறையும். 20 டிகிரியில் 9 மில்லிகிராம் வரை கரையும். வெயில் ஏறும்போது மீனின் உடல் வேகமாக இயங்கும், ஆக்சிஜன் தேவை கூடும். ஆனால், அதே நேரத்தில்தான் தண்ணீரின் கையிருப்பு குறைகிறது.

தண்ணீர், காற்றைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் கனமான தண்ணீரை வாய்வழியே உள்ளே இழுத்து, செவுள் வழியே வெளியே தள்ளியாக வேண்டும். இவ்வளவு கஷ்டத்திலும் மீன் பிழைத்திருப்பதற்குக் காரணம் அதன் செவுள். செவுள் இதழ்களுக்குள் ரத்தம் ஒரு திசையில் ஓட, தண்ணீர் எதிர்த் திசையில் ஓடும். அதனால் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனில் 80 சதவிகிதம் வரைகூட மீனால் உறிஞ்சிக்கொள்ள முடியும். நம் நுரையீரல், உள்ளே போகும் ஆக்சிஜனில் கால்வாசியைத்தான் எடுத்துக்கொள்கிறது. சிக்கனத்தில் மீன் நம்மைவிடக் கெட்டிக்காரன்.

ஆனால், எடுப்பதற்கு ஏதாவது இருந்தால்தானே சிக்கனம்? கெண்டை வகை மீன்களுக்கு ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 3-க்குக் கீழே போனால் இரை எடுப்பது குறையும், சோர்ந்துவிடும். 1-க்குக் கீழே சில மணி நேரம் நின்றால் செத்துவிடும்.

அந்தக் கட்டம் நெருங்கும்போது மீன் கடைசியாக ஒரு வழியைப் பார்க்கிறது. குளத்தின் மேல் விளிம்பில் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் சில மில்லிமீட்டர் தண்ணீரில் மட்டும், காற்றிலிருந்து ஆக்சிஜன் நேரடியாகக் கரைந்துகொண்டே இருக்கும். கீழே இருக்கும் தண்ணீர் வறண்டு கிடந்தாலும் இந்த மெல்லிய ஏடு மட்டும் கொஞ்சம் செழிப்பாக இருக்கும். பாலின் மேல் ஆடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது, அந்த ஆடையை உறிஞ்சிச் செவுளுக்கு அனுப்பத்தான். பார்க்கிற நமக்கு அது காற்றைக் குடிப்பதுபோலவும், சாப்பாடு கேட்பதுபோலவும் தெரிகிறது.

'குட்டையைக் குழப்பி மீன் பிடிக்கிறான்' என்று சொல்கிறோமே, அதிலும் இந்தச் சங்கதி ஒளிந்திருக்கிறது. கோடையில் வற்றிய குட்டையில் நாலு பேர் இறங்கிச் சேற்றை மிதித்துக் கலக்கினால், அடியில் அழுகிக்கிடந்ததெல்லாம் மேலே வந்து, இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் தின்றுவிடும். செவுளில் சேறும் அடைக்கும். மீன்கள் தவித்து மேலே வரும். கூடையைப் போட்டு அமுக்கினால் போதும்.

பகலில் வரவு, ராத்திரியில் செலவு

சரி, சித்தப்பா குளத்தில் யாரும் இறங்கிக் கலக்கவில்லையே... ஆக்சிஜன் எங்கே போனது?

குளத்துத் தண்ணீர் பச்சையாகத் தெரிவதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்பாசிகள். இவை பகலில் வெயிலைப் பிடித்து ஆக்சிஜனைத் தயாரிக்கும். ஒரு குளத்துக்கு வருகிற ஆக்சிஜனில் பெரும்பங்கு இந்தப் பாசி கொடுப்பதுதான். மத்தியானம் 3 மணிக்கு நல்ல பச்சைக் குளத்தில் அளந்தால் லிட்டருக்கு 12 மில்லிகிராமுக்கு மேல்கூடக் காட்டும். அதனால்தான் மீன் வளர்ப்பவர்கள் சாணம் போட்டுப் பாசியை வளர்க்கிறார்கள். மீனுக்கு அது தீவனத்துக்கும் ஆகிறது.

பொழுது சாய்ந்ததும் கதை மாறிவிடும். வெயில் போனால் உற்பத்தி நின்றுவிடும். ஆனால், பாசிக்கும் உயிர் இருக்கிறதே, அதுவும் மூச்சு விட வேண்டுமே! ராத்திரி முழுக்கப் பாசியும், மீனும், அடிச்சேற்றில் இருக்கும் பாக்டீரியாவும் பகலில் சேர்ந்த ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. இதில் பலருக்கும் தெரியாத விஷயம், அந்தச் செலவில் மீனின் பங்கு குறைவுதான். பாசியும் சேறும்தான் பெரும்பகுதியைத் தின்கின்றன. சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்னால், கஜானா காலியாகும் நிலைக்கு வரும். மீன்கள் விடியற்காலையில் மேலே வருவதன் ரகசியம் இதுதான்.

தினக்கூலிக்குப் போகும் வீட்டை நினைத்துப் பாருங்கள். பகலில் வந்த காசில் ராத்திரி அடுப்பு எரிகிறது. ஒரு நாள் மழையில் வேலை இல்லாமல் போனால், முந்தின நாள் மிச்சத்தில் ஓட்டிவிடலாம். சேர்ந்தாற்போல் மூன்று நாள் வேலை இல்லை, வீட்டில் ஆட்கள் மட்டும் நிறைய என்றால்? மூடாக்குப் போட்ட நாள்களில் பச்சைக் குளத்தின் நிலைமை அதுதான். பாசி எவ்வளவு அடர்த்தியோ, ராத்திரிச் செலவும் அவ்வளவு. 'பச்சப்பசேல்' என்று சித்தப்பா பெருமைப்பட்ட தண்ணீர்தான் அவர் மீன்களுக்கு எமனானது.

அன்றைக்குப் போட்ட கூடுதல் கூடை? மூச்சுக்குத் தவிக்கும் மீன் இரை எடுக்காது. மீறி எடுத்தாலும் செரிப்பதற்கு இன்னும் ஆக்சிஜன் வேண்டும். தின்னாத தவிடு அடியில் போய் அழுகும், அழுகுவதற்கும் ஆக்சிஜன் வேண்டும். பாசத்தோடு போட்ட கூடைதான். ஆனால், இதைச் சித்தப்பாவிடம் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் குளத்துப் பக்கமே போகவில்லை.

கடைசி அடியைக் கொடுத்தது திங்கட்கிழமை ராத்திரி பெய்த மழை. மழை வந்தால் புதுத் தண்ணீர் சேரும், மீனுக்கு நல்லதுதானே என்று தோன்றும். பல நேரம் நல்லதுதான். ஆனால், வெயிலில் கிடந்த குளத்தில் மேல் தண்ணீர் சூடாகவும் லேசாகவும், அடித் தண்ணீர் குளிர்ந்து கனமாகவும் இரண்டு அடுக்காக நிற்பதுண்டு. கீழ் அடுக்கில் ஆக்சிஜன் இருக்காது, சேற்றிலிருந்து கிளம்பும் அழுகல் வாயுதான் இருக்கும். குளிர்ந்த மழைத் தண்ணீர் கனமானது. அது கீழே இறங்கி, காற்றும் சேர்ந்து அடிக்கும்போது இரண்டு அடுக்கும் கலந்துவிடும். அதுவரை மேலே இருந்த கொஞ்சநஞ்ச நல்ல தண்ணீரும் கெட்டுவிடும். மழைக்குப் பிறகு குளத்தில் அழுகின முட்டை வாடை வந்தால் இதுதான் காரணம்.

இது அரை ஏக்கர் குளத்தின் விதி மட்டுமில்லை. ஆஸ்திரேலியாவில், 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் டார்லிங் ஆற்றில், மெனிண்டீ என்ற ஊருக்கு அருகே லட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. அங்கும் வறட்சியில் ஓட்டம் நின்ற தண்ணீர், அதில் மண்டிய பாசி, பிறகு திடீரென்று வீசிய குளிர்ந்த காற்று. அடித் தண்ணீர் மேலே கலந்ததும் மீன்களுக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. பெங்களூரு அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்தபோதும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்ததுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அங்கே சாணத்துக்குப் பதிலாக ஊர்ச் சாக்கடை.

மேலே வருகிற மீனெல்லாம் தவிக்கிறதா?

அப்படிப் பயந்துவிடவும் வேண்டாம். மேலே வருவதே வழக்கமாகக் கொண்ட மீன்கள் உண்டு.

கூட்டு மீன் வளர்ப்பில் விடும் கட்லாவுக்கு வாய் மேல் நோக்கியே இருக்கும். மேல் தண்ணீரில் மேய்வதுதான் அதன் பிறவிக் குணம். ரோகு நடுவில் மேயும், மிர்கால் அடியில் மேயும். கட்லா மட்டும் மேலே வந்து போனால் அது தன் வீட்டு முற்றத்தில் உலாவுகிறது என்று அர்த்தம். அடியில் கிடக்க வேண்டிய மிர்காலும் மேலே வந்து வாயைப் பிளந்தால், விஷயம் வேறு. சாயங்காலம் பூச்சி பிடிக்கவும், மழை விட்டதும் விழுகிற ஈசலைத் தின்னவும் மீன்கள் மேலே வரும். அப்போது 'சளக்' என்று ஒரு சத்தம், ஒரு வட்டம், மீன் உள்ளே போய்விடும். அந்தச் சுறுசுறுப்பைப் பார்த்தாலே தெரியும்.

விரால், தேளி, பனையேறிக் கெண்டை இவையெல்லாம் தனி ஜாதி. செவுளோடு கூடவே, காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பும் இவற்றுக்கு உண்டு. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை வாங்கிக்கொண்டுதான் போகும். விராலை மேலே வரவிடாமல் வலையைக் கட்டித் தடுத்தால், தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாவது என்பது வேடிக்கையாக இருந்தாலும் நிஜம். சித்தப்பா குளத்தில் அந்த ராத்திரியைத் தாண்டியது, மழைத் தண்ணீரோடு எங்கிருந்தோ வந்து குடியேறியிருந்த நாலைந்து விரால்கள்தான்.

கிராமத்தில் வளர்ந்தவர்கள் இன்னொன்றும் பார்த்திருப்பீர்கள். குளத்தின் மேல் செம்மஞ்சள் நிறத்தில் பந்துபோல ஒரு கூட்டம், கொப்புளித்துக்கொண்டே நகரும். அது விரால் குஞ்சுகள். தாயும் தகப்பனும் கீழேயே காவல் நிற்கும். அந்தப் பந்தைக் குறிவைத்துத் தூண்டில் போட்டால் பெரிய விரால் மாட்டும் என்பது பையன்களுக்குத் தெரியும். மாட்டினால் குஞ்சுகள் அநாதை. நான் சின்ன வயதில் அதைச் செய்திருக்கிறேன், இப்போது நினைத்தால் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

பனையேறிக் கெண்டைக்கு நம் கடற்கரையோடு ஒரு வரலாறே இருக்கிறது. 1791-ல் தரங்கம்பாடியில், டென்மார்க் கம்பெனிப் பணியில் இருந்த டால்டார்ஃப் என்பவர், குளத்தோரம் நின்ற பனைமரப் பட்டையின் இடுக்கில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். அது லண்டன் வரை போய் 1797-ல் வெளியானது. மரம் ஏறுமா என்று பிறகு வந்த விஞ்ஞானிகள் சந்தேகப்பட்டார்கள். பறவை தூக்கிக்கொண்டு போய் அங்கே போட்டிருக்கலாம் என்றார்கள். ஆனால், செவுள் மூடியை ஊன்றி ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. குட்டை கெட்டுப்போனால் இதற்கு வெளியேறும் வழி இருக்கிறது.

ஒன்றிரண்டு மீன் மட்டும் நாள் முழுக்க மேலேயே சோர்ந்து கிடந்தால், அது பெரும்பாலும் நோய். செவுளில் ஒட்டுண்ணியோ, உடம்பில் மீன் பேனோ இருக்கலாம். குளமே மேலே வந்தால் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு மீன் வந்தால் அந்த மீனைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

கைதட்டிப் பாருங்கள்

தவிப்பா, சாதாரணமா என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் தேவையில்லை. கரையில் நின்று பலமாகக் கையைத் தட்டுங்கள், அல்லது காலால் தரையைத் தட்டுங்கள். மீன்கள் சட்டென்று உள்ளே போய், அதன்பின் வராமல் இருந்தால் கவலை இல்லை. உள்ளே போய் ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தால் ஆபத்து ஆரம்பித்துவிட்டது. தட்டியும் அசையாமல் வாயைப் பிளந்துகொண்டே இருந்தால், ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது.

நேரத்தையும் பாருங்கள். 5 மணிக்கு மேலே வந்த மீன்கள், வெயில் ஏறி 8, 9 மணிக்கு இறங்கிவிட்டால் 'சரியாகிடுச்சு' என்று விட்டுவிடுவோம். சித்தப்பாவும் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் நினைத்தார். மீன் கொடுத்த எச்சரிக்கை அது. அடுத்த ராத்திரி அதைவிட மோசமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். விடியும்போது வழக்கத்தைவிட நிறையக் கொக்கும் நீர்க்காகமும் குளத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் அதுவும் சேதிதான். தவிக்கிற மீன் எங்கே சுலபமாகக் கிடைக்கும் என்று நமக்கு முன்னால் அவற்றுக்குத் தெரிந்துவிடும்.

உடனே செய்ய வேண்டியது, தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்துவது. அடுத்து, தண்ணீரைக் காற்றோடு கலக்க வேண்டும். ஏரேட்டர் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் மோட்டாரை வைத்துக் குளத்துத் தண்ணீரையே இறைத்து, உயரத்திலிருந்து சிதறி விழும்படி மீண்டும் குளத்துக்குள் விடலாம். மோட்டாரின் உறிஞ்சும் முனை அடிச்சேற்றைத் தொடக் கூடாது. போர்வெல் தண்ணீரை விடுகிறவர்கள் நேராகக் குழாயைக் குளத்துக்குள் சொருகிவிடாதீர்கள். பூமிக்கு அடியிலிருந்து வரும் தண்ணீரில் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு. பலகை மீதோ, கருங்கல் மீதோ விழுந்து சிதறி ஓடட்டும். மருந்துக் கடையில் ஆக்சிஜன் மாத்திரை என்று விற்கிறார்கள், அவசரத்துக்குக் கைகொடுக்கும். ஆனால், அது ஒரு ராத்திரியைத் தாண்ட மட்டும்தான். தண்ணீர் அவ்வளவு பச்சையாக இருக்கும்வரை பிரச்னை அப்படியேதான் இருக்கும்.

அதனால், முழங்கைக் கணக்கு முக்கியம். வெயில் நேரத்தில் கையைத் தண்ணீருக்குள் நேராக விடுங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் பாசி அளவாக இருக்கிறது. அதற்கு வெகு முன்னாலேயே மறைந்தால் அளவுக்கு மீறிவிட்டது. சாணத்தை நிறுத்தி, கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட வேண்டும். சந்தேகம் வந்தால் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். நாகப்பட்டினத்தில் மீன்வளத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாங்கள் இதையெல்லாம் மீன் செத்த பிறகுதான் விசாரித்தோம்.

குளமே இல்லாத வீட்டிலும் இந்த விதி பொருந்தும். கொளத்தூரில் ஆசையாக வாங்கிவந்த கோல்டு ஃபிஷ், உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் காலையில் மேலேயே நின்று வாயைத் திறந்து மூடினால், பிள்ளைகள் உடனே தீவன டப்பாவைத் திறப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். குடுவையின் வாய் குறுகலாக இருந்தால் காற்றுபடும் பரப்பு குறைவு. கழுத்து வரை ஊற்றாமல், குடுவையின் அகலமான நடுப்பகுதி வரை ஊற்றினாலே காற்றுபடும் பரப்பு கூடும். காற்று மோட்டாரிலிருந்து கிளம்பும் குமிழிகள் செய்கிற பெரிய வேலையும், தண்ணீரின் மேற்பரப்பைக் கலைத்துவிடுவதுதான். ராத்திரி சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று அதை அணைத்துவிட்டுத் தூங்குகிறவர்கள் உண்டு. தொட்டியில் செடியும் இருந்தால், மீனுக்கு அது அதிகம் தேவைப்படும் நேரமே ராத்திரிதான். ஃபைட்டர் மீன் மட்டும் மேலே வந்து காற்றை வாங்கினால் பதற வேண்டாம், அது பனையேறிக் கெண்டைக்குச் சொந்தக்காரன்.

கோயில் குளத்தில் பொரி போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொரி போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. படிக்கட்டில் நின்று ஒரு பிடி போட்டு, தின்று முடிக்கிறதா என்று பார்த்து, அடுத்த பிடி போடுங்கள். கவரோடு கவிழ்த்துவிட்டுப் பிரதட்சணத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். தின்னாத பொரியும் ரொட்டியும் ஊறி, அடியில் போய் என்ன செய்யும் என்று மேலே படித்தீர்கள்.

சித்தப்பா இந்த வருஷம் மீண்டும் குஞ்சு விட்டிருக்கிறார். 1,500-க்குப் பதில் 1,000. ஏரேட்டர் வாங்க இன்னும் காசு சேரவில்லை. பழைய பிவிசி குழாயில் ஓட்டை போட்டு, மோட்டாரோடு இணைத்து, குளத்தின் மேல் மழைபோலக் கொட்டுகிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். மூடாக்கு நாள்களில் ராத்திரி 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து போட்டுவிடுகிறார். செயின் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

போன வாரம் விடியற்காலை 5.30-க்குக் குழுவில் மறுபடியும் ஒரு வீடியோ. மங்கலான வெளிச்சம், அதே குளம், அதே கரை. 40 விநாடியும் வெறும் தண்ணீர். ஒரு வட்டம்கூட இல்லை. வீடியோவின் முடிவில் சித்தியின் குரல் கேட்கிறது. "ஏங்க, ஒரு மீனையும் காணோம், இதைப்போய் எடுத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"அதைத்தான்டி எடுக்கிறேன்" என்கிறார் சித்தப்பா.